பாலியில் குரங்கு கீறி 5 நாள் ஆகிவிட்டது: இனி ஊசி போட்டுப் பயனுண்டா?

கடிதத்தின் சாரம்

சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஜூன் பள்ளி விடுமுறையில் கணவர், தொடக்கநிலை 2இல் படிக்கும் 8 வயது மகன், 5 வயது மகள், 66 வயது மாமியார் ஆகியோருடன் பாலித் தீவுக்கு நான்கு நாள் பயணம் போயிருக்கிறார். இரண்டாம் நாளான வியாழக்கிழமையைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கணவர் ஒதுக்கி, நேர அட்டவணையை அச்சிட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்திருக்கிறார். காலை 5.30க்குக் கூட்டா விடுதியிலிருந்து வேன். தீர்த்தா எம்புல் ஊற்றில் நீராடல். கிந்தாமணியில் பாத்தூர் எரிமலையைப் பார்த்தபடி மதிய உணவு. தெகலாலாங் படிக்கட்டு வயல்கள். குரங்குகள் வாழும் ஒரு கோயில். தானா லோட் கடற்கோயிலில் அந்தி. ஜிம்பாரான் கடற்கரையில் இரவுணவு. கோயிலின் பெயரை நான் தவிர்க்கிறேன். பாலியில் குரங்குகள் உள்ள கோயில்கள் பல, என் ஆலோசனை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மாலை நான்கு மணியளவில், பையனுக்குப் பசிக்கிறது என்று வாசகி பிஸ்கட் பொட்டலத்தை எடுத்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரங்கு பையனின் தோளில் தாவி மூக்குக்கண்ணாடியைப் பறித்தது. பையன் விடாமல் பிடித்து இழுத்தான். வலக்கையின் மேற்புறத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒன்று வெறும் சிவப்புக் கோடு. மற்றொன்றில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்த்தது. கோயில் ஊழியர் ஒருவர் குரங்குக்குப் பழம் கொடுத்துக் கண்ணாடியை மீட்டுத் தந்திருக்கிறார். அதன் காதுக்கம்பியில் பல் தடம் பதிந்திருக்கிறதாம். கணவர் போத்தல் தண்ணீரை ஊற்றி, கைக்குப் பூசும் கிருமிநாசினியைத் தடவி, பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். "கிளினிக்குப் போகலாமா?" என்று வேன் ஓட்டுநர் கேட்டபோது மணி 4.25. தானா லோட்டில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் சாய்ந்துவிடும் என்பதால் வேன் அங்கேயே போனது. மறுநாள் நுசா பெனிடா தீவுக்குப் போகும் விரைவுப்படகுக்குப் பணம் கட்டியிருந்தார்கள், அதற்கு மறுநாள் விமானம்.

செவ்வாய்க்கிழமை இரவு, காயம் ஆறிப் பொருக்குத் தட்டிய நிலையில், வாசகிக்குத் தூக்கம் வரவில்லை. "வெறிநோயான ரேபிஸ் வராமலிருக்க 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால்தான் பயன் என்று படித்தேன். 5 நாள் ஆகிவிட்டது. கோயில் குரங்குகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள், பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் கணவர். ஆஞ்சநேயர் தொட்டால் தோஷமில்லை என்கிறார் மாமியார், தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுப் பிள்ளையை வதைக்காதே என்றும் அழுகிறார். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலைக் கண்ட பத்து நிமிடத்தில் நான் அனுப்பிய பதிலில் மூன்றே செய்திகள் இருந்தன. இப்போதே காயத்தைச் சோப்பும் ஓடும் குழாய்நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இன்றிரவே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பதிவு முகப்பில், "பாலியில் குரங்கு கீறியது, ரத்தம் வந்தது, 5 நாளாகிறது" என்று அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றிரவே போய் முதல் தடுப்பூசியும், காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட்டுக்கொண்டதாகவும், வெள்ளிக்கிழமை இரண்டாம் ஊசியும் முடிந்ததாகவும் சனிக்கிழமை எழுதியிருந்தீர்கள். உங்கள் அனுமதியுடன் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் இன்னும் விடை சொல்லாதவை பல. மீதி ஊசிகள் தேவையா என்ற புதுக் கேள்வியும் உங்கள் வீட்டில் எழுந்திருக்கிறது.

ஐந்து நாள் தாமதம்

24 மணி நேரக் கணக்கு நீங்கள் எங்கோ அரைகுறையாகப் படித்தது. ரேபிஸ் கிருமி காயம்பட்ட தசையில் தங்கி, பிறகு நரம்பிழை வழியாக மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலோருக்கு நோய்க்குறி தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு, ஓராண்டு கழித்து வந்ததும் உண்டு. கிருமி நரம்பைத் தொடுவதற்குள் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட வேண்டும் என்பதே சிகிச்சையின் நோக்கம். ஆகவே எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. ஆனால் "இனிப் பயனில்லை" என்று கதவை அடைக்கும் நாள் எதுவும் கிடையாது. நோய்க்குறி தோன்றாதவரை, மாதங்கள் கழிந்தபின் வந்தாலும் சிகிச்சையைத் தொடங்கத்தான் செய்வோம். தோன்றிவிட்டாலோ, இன்றைய மருத்துவத்தில் ஏறத்தாழ யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. கை, முகம், கழுத்து ஆகியவை நரம்புகள் அடர்ந்த இடங்கள், முகமும் கழுத்தும் மூளைக்கும் அருகில் உள்ளவை. அதனால்தான் கையில் பட்ட சிறு கீறலென்று நான் விட்டுவிடவில்லை.

முதல் நாள் செய்ததில் சரியும் உண்டு, குறையும் உண்டு. தண்ணீர் ஊற்றியது நல்லது, ஆனால் ஒரு போத்தல் போதாது. இந்தக் கிருமிக்குக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைக்கிறது, ஓடும் நீர் மிச்சத்தை அடித்துச் செல்கிறது. பதினைந்து நிமிடம் என்பது கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி கழுவ வேண்டிய பதினைந்து நிமிடம். குழாயடியில் நின்று பாருங்கள், எவ்வளவு நீளமான நேரம் அது என்று தெரியும். கழுவிய பின் போவிடோன் அயோடின் தடவலாம். உங்கள் மாமியார் விடுதியில் வைத்துவிட்ட மஞ்சளும் எலுமிச்சையும் வேண்டாம். எரிச்சலூட்டும் எதுவும் திசுவைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறக்கும். கடிகாயத்தை உடனே இறுக்கிப் பிளாஸ்டர் ஒட்டுவதும் வேண்டாம்.

கோயில் குரங்கும் புக்கிட் தீமா குரங்கும்

உங்கள் கணவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் புரிந்தது ஒன்றுண்டு: "நம் புக்கிட் தீமாவில் பார்க்காத குரங்கா?" பாலிக் கோயில்களில் உள்ளதும், மெக்ரிட்சி நடைபாதையில் நம் பையைப் பறிக்க வருவதும் ஒரே இனம்தான், நீண்டவால் குரங்கு. ஆனால் 1953ஆம் ஆண்டுக்குப் பிறகு சிங்கப்பூர் ரேபிஸ் இல்லாத நாடு. இங்கே குரங்கு கீறினால் நான் சீழையும் டெட்டனஸ் என்னும் வில்வாதத்தையும் பற்றிக் கவலைப்படுவேன், ரேபிஸைப் பற்றி அன்று. இந்த நிம்மதிக்குப் பழகிப்போன நாம் அதைக் கடப்பிதழோடு சேர்த்து விமானத்தில் எடுத்துச் செல்கிறோம். பாலியும் 2008 வரை அப்படித்தான் இருந்தது. அவ்வாண்டின் இறுதியில் தீவின் தென்முனையான புக்கிட் தீபகற்பத்து ஊர்களில் நாய்களிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தீவு முழுவதும் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டும் நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நமக்கு இன்னும் அருகிலுள்ள சரவாக்கில் 2017 முதல் ரேபிஸ் இருக்கிறது என்பதையும் கூச்சிங் போகும் குடும்பங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாயால் வருவது. குரங்கால் வருவது அரிது. உங்கள் மகனுக்கு நோய் தொற்றியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதைத் தயங்காமல் சொல்வேன், இன்றிரவு தூங்குங்கள். ஆனால் குறைவு என்பது இல்லை என்பது ஆகாது. பத்தாயிரத்தில் ஒன்று என்றாலும், வந்தால் உயிர் போகும் என்ற நோய்க்கு, நான்கு ஊசிகளில் கதவை அடைக்க முடியும் என்னும்போது பந்தயம் கட்ட எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். கோயில் குரங்குகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே. காட்டிலும் மதிலிலும் சுற்றித் திரியும் நூற்றுக்கணக்கான குரங்குகளில் உங்கள் மகனைக் கீறியது எது, அதற்கு எப்போது போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. "இங்குள்ளவை ஆரோக்கியமானவை" என்று அங்கிருந்த காவலர் சொன்னது அன்பினால் சொன்னது, அதற்குமேல் அதில் எடை ஏற்ற வேண்டாம்.

பத்து நாள் பொறுத்துப் பார்ப்பது என்ற விதி உண்மையில் உண்டு. அது நாய்க்கும் பூனைக்கும் வகுத்தது: கடித்த நாயைக் கட்டிவைத்துக் கவனித்து, பத்து நாளும் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று முடிவு செய்யலாம். அப்போதும் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத்தான் காத்திருப்போம். குரங்குக்கு இந்த விதி பொருந்தாது. அந்தக் குரங்கு இன்னும் நலமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி உங்கள் கணவர் ஓட்டுநருக்கு வாட்ஸ்அப் அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். ஓட்டுநரும் ஒரு குரங்கின் படத்தை அனுப்பியிருக்கிறார். அது அதே குரங்குதான் என்று நீங்கள் இருவரும் உறுதி சொல்வீர்களா?

நகமா பல்லா என்ற வாதமும் உங்களிடையே நடந்திருக்கிறது. குரங்கு தன் விரல்களை ஓயாமல் வாயில் வைக்கும். நகத்திலும் எச்சில் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் காயங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நக்கினால் முதல் வகை, சிகிச்சை வேண்டாம். ரத்தமில்லாத சிராய்ப்பு இரண்டாம் வகை, தடுப்பூசி உடனே வேண்டும். தோலைக் கிழித்த கடியும் கீறலும் மூன்றாம் வகை, தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஊசிமுனை அளவு ரத்தத் துளி உங்கள் மகனை மூன்றாம் வகையில் சேர்க்கிறது. "ரத்தம் கொஞ்சம்தான்" என்று கணவர் சொன்னதை மருத்துவமனையில் திருத்திச் சொன்னீர்களே, அது மிகச் சரி.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி

உங்கள் மாமியாரின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். அவர் பிறந்து வளர்ந்த ஊரில் அது நடந்ததுதான். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டது. நாய் கடித்தவரை "குன்னூருக்கு அனுப்பு" என்று சொல்லும் வழக்கத்தை என் தந்தையின் தலைமுறை அறியும். அக்காலத் தடுப்பு மருந்து ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியிலிருந்து எடுத்தது. அதை நாள்தோறும் வயிற்றில்தான் போட வேண்டியிருந்தது, வலி மிகுதி, சிலருக்கு அந்த மருந்தாலேயே நரம்புச் செயலிழப்பு வந்ததும் உண்டு. இந்தியாவும் அதைக் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

இன்று போடுவது ஆய்வகத்தில் உயிரணுக்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த கிருமி. மேற்கையில் போடுவார்கள், சளிக்காய்ச்சல் தடுப்பூசி போன்றதுதான். கை வலிக்கும், ஓரிரு நாள் சிறு காய்ச்சல் வரலாம், பாராசிட்டமோல் கொடுக்கலாம். வலித்தது இரண்டாவது மருந்துதான் என்று எழுதியிருந்தீர்கள். ஆம், இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள், குழந்தை அழும். உடல் எடையைக் கொண்டு, மனித ரத்தத்திலிருந்து எடுத்ததாயின் கிலோவுக்கு 20 அலகு என்று அளந்து போடுவது அது. தடுப்பூசி போட்டபின் உடல் தானே எதிர்ப்பொருளை உண்டாக்க ஏழெட்டு நாளுக்கு மேலாகும். அந்த இடைவெளியைக் கடன் வாங்கிய எதிர்ப்பொருளால் நிரப்புகிறோம். ஒருமுறை போட்டால் போதும், திரும்பப் போட மாட்டார்கள் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.

பத்தியம் எதுவும் வேண்டாம். மீன், முட்டை, தேங்காய், தலைக்குக் குளியல் என்று வீட்டில் விலக்கி வைத்திருப்பவை எல்லாவற்றையும் மறுபடி கொடுக்கலாம். முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் மட்டும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், சில வகைத் தடுப்பூசிகள் கோழிக்கரு உயிரணுக்களில் தயாராகின்றன. மகன் பள்ளிக்குப் போகலாம், தங்கையின் தண்ணீர்ப் போத்தலில் குடிக்கலாம். அவனிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது.

ஆஞ்சநேயரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. என் தாயாரும் சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்தியவர். பக்தியோடு பதினைந்து நிமிடம் சோப்பும் போடலாம் என்று மட்டும் உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மீதமுள்ள இரண்டு ஊசிகள்

"காயம் ஆறிவிட்டது, இரண்டு ஊசி போட்டாயிற்று, இனி வேண்டாமே" என்கிறார் கணவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டும். மேலே தோல் ஆறியதற்கும் உள்ளே கிருமி இருப்பதற்கும் தொடர்பில்லை. நான்கு ஊசி முறையில் நாள்களை எண்ணுவது கீறிய நாளிலிருந்து அன்று, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து: அது பூச்சிய நாள், பிறகு 3, 7ஆம் நாள்கள், கடைசி ஊசி 14 முதல் 28ஆம் நாளுக்குள். உங்கள் கணக்கில் முதல் ஊசி செவ்வாய், இரண்டாவது வெள்ளி, மூன்றாவது வரும் செவ்வாய், நான்காவது அதற்கடுத்த செவ்வாய். ஒரு நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், தவறியதை உடனே போட்டுத் தொடரலாம். அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

வேறு இரண்டை மருத்துவமனையில் பேசியிருப்பார்கள், இல்லையெனில் செவ்வாயன்று நீங்களே கேளுங்கள். ஒன்று வில்வாதம், அதாவது டெட்டனஸ். சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு 18 மாதத்தில் ஒரு தவணை, அடுத்தது தொடக்கநிலை 5ஐ ஒட்டி 10, 11 வயதில். உங்கள் மகனுக்கு 8 வயது. கடைசித் தவணை ஆறாண்டுக்கு முன்பு. விலங்குக் காயம் போன்ற அழுக்குக் காயத்துக்கு ஐந்தாண்டு கடந்திருந்தால் ஊக்கத் தவணை போடுவது வழக்கம். மற்றொன்று, இவ்வினக் குரங்குகள் சுமக்கும் பி வைரஸ். மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆயினும் வரும் வாரங்களில் காயத்தைச் சுற்றிக் கொப்புளம், மரமரப்பு, காய்ச்சலோடு தலைவலி எதுவும் வந்தால் காத்திராமல் போங்கள், குரங்குக் கீறலைப் பற்றி மறவாமல் சொல்லுங்கள்.

பயணக் காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டில் பட்ட காயத்துக்கு நாடு திரும்பியபின் இங்கே எடுக்கும் சிகிச்சைக்கும் பல காப்புறுதிகள் பணம் தரும். ஆனால் திரும்பி இத்தனை மணி நேரத்துக்குள் முதல் சிகிச்சையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், அங்கேயே மருத்துவரைப் பார்த்திருந்தால் விதி வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இம்யூனோகுளோபுலின் விலை உயர்ந்த மருந்து, ரசீதுகளையும் மருத்துவ அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். நிபந்தனையைத் தாண்டிவிட்டீர்கள் என்றாலும் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தவறு யாருடையது?

"அட்டவணை முக்கியமா, பிள்ளை முக்கியமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "பிஸ்கட்டை எடுத்தது நீதானே?" என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து சரியாகப் பேச்சில்லை. நான் மருத்துவன், நடுவர் அல்லன். எனினும் உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த அந்த அட்டவணையைப் படித்தேன்.

பாலி நமக்கு ஒரு சிறு தீவாகத் தோன்றுகிறது. பரப்பில் அது சிங்கப்பூரைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. ரயில் கிடையாது, விரைவுச்சாலையும் பெயருக்குத்தான். மலைமேட்டுக் கிந்தாமணிக்கும் மேற்குக் கடற்கரைத் தானா லோட்டுக்கும் இடையே, இருவழிச் சாலையில், சரக்கு வண்டிக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். உங்கள் அட்டவணையில் ஆறு இடங்களுக்கும் நேரம் போட்டிருக்கிறது, இடையிலுள்ள பயணத்துக்குப் போட்ட நேரம் நெரிசலே இல்லாத சாலைக்கு உரியது. அதனால் கிந்தாமணிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள். புகைப்படம் எடுத்த நேரம் போக, பையன் இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு மணிக்கு அவனுக்குப் பசித்ததும், குரங்குகள் நடுவே பொட்டலம் பிரிந்ததும், களைத்த பிள்ளை கண்ணாடியை விடாமல் இழுத்ததும், 4.25க்குக் கிளினிக் வேண்டாம் என்று ஆனதும், எல்லாமே அந்த இருபது நிமிடச் சாப்பாட்டிலிருந்து நூல் பிடித்தாற்போல வருகின்றன. அட்டவணையை அவர் எழுதினார், தானா லோட்டைச் சேர்க்கச் சொன்னது நீங்கள் என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அந்த நாளில் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது அதுதான். பாலியில் வாழ்பவர்களுக்கு ரேபிஸ் தெரியும். அரசு மருத்துவமனைகளிலும் புஸ்கெஸ்மாஸ் எனப்படும் அரசுச் சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் தடுப்பூசி உண்டு. இம்யூனோகுளோபுலின் கிடைப்பது அங்கே அரிதாக இருக்கலாம், ஆயினும் முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு, இம்யூனோகுளோபுலினை இங்கே வந்து ஏழு நாளுக்குள் போட்டிருக்கலாம். உள்ளூர்க்காரர் "கிளினிக் போகலாமா" என்று கேட்டால் அது உபசாரத்துக்குக் கேட்பதில்லை. அடுத்த பயணத்தில், யாராவது ஒருவர் "நிறுத்து" என்றால் விவாதமின்றி வண்டி நிற்கும் என்று முன்பே பேசி வையுங்கள், அந்த ஒருவர் உங்கள் மாமியாராக இருப்பது நல்லது என்பது என் சொந்தக் கருத்து. மாலை மூன்று மணிக்குப் பிறகு ஓர் இடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

குரங்குகளைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலியின் உலுவத்துக் கோயிலில் நீண்டவால் குரங்குகள் பொருளைப் பறித்து, பழம் கொடுத்தால் திருப்பித் தருவதைக் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் கவனித்து 2021இல் வெளியிட்டார்கள். வயது வந்த குரங்குகள் மனிதர் எதை அதிகம் மதிக்கிறார்கள் என்று அறிந்து அதையே குறிவைக்கின்றனவாம், கைப்பேசியும் மூக்குக்கண்ணாடியும் அதில் முதல் வரிசை. ஆகவே கண்ணாடியைப் பையில் வைத்துப் பூட்டுங்கள், அல்லது வாரிட்டுக் கட்டுங்கள். உணவும் சலசலக்கும் பிளாஸ்டிக் பையும் வண்டியிலேயே இருக்கட்டும். பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை, மிரட்டல். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். பறித்துக்கொண்டால் இழுக்காமல் விட்டுவிட்டு ஊழியரை அழையுங்கள். இங்கேயும் அதே பழக்கம் நல்லது: 2020 ஜூன் முதல் சிங்கப்பூரில் காட்டு விலங்குக்கு உணவளித்தால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது

டிசம்பர் விடுமுறையில் தஞ்சாவூர்ப் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு பாலியைவிட அதுதான் கவலை. ரேபிஸால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில், கடிபடுவோரில் பிள்ளைகள் மிகுதி. தெருநாயைக் கண்டால் தொட்டுப் பார்க்கும் வயது உங்கள் மகளுக்கு. மகன் நான்கு ஊசியும் முடித்துவிட்டால், இனி எப்போதாவது கடிபட்டாலும் பூச்சிய நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டு ஊக்க ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையைக் கடப்பிதழோடு வையுங்கள். மகளுக்கு முன்கூட்டியே இரண்டு ஊசி, ஒரு வார இடைவெளியில், போட்டுக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கும் குடும்பத்துக்கு அது பொருந்தும், நகர விடுதியில் மூன்று நாள் தங்கித் திரும்புவோருக்கு நான் வற்புறுத்துவதில்லை. செலவு கணிசம், அவசரமில்லை. நவம்பருக்குள் பயண மருந்தகத்தில் கேட்டு முடிவெடுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: குரங்கு கடித்ததைத் தூக்கியெறியலாமா, மகனோ தர மறுக்கிறான் என்று. எச்சில் உலர்ந்தால் அதிலுள்ள ரேபிஸ் கிருமி வெகுநேரம் பிழைக்காது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அணியலாம். பல் தடம் பதிந்த காதுக்கம்பியைக் கடையில் மாற்றிவிடலாம், பள்ளி திறந்ததும் வகுப்பில் காட்ட வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தால், காட்டி முடிந்தபின் மாற்றுங்கள்.